பள்ளிச் சிறாரின் இரத்தச் சோகை

திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் 1982 ஜூலை 1-ஆம் நாள் சத்துணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. பள்ளிச் சிறாரின் பசி தணிந்தது, சோகை தணிந்தபாடில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேர் சோகையுற்றிருந்தனர். பள்ளியில் காலடி வைக்குமுன்பே குறை தொடங்கிவிடுகிறது.

சோற்றில் இரும்புச்சத்து மிகச் சொற்பம். கீரை, பயறுகளில் உள்ளதையும் உடல் எளிதில் ஏற்பதில்லை. உணவோடு தேநீர் அருந்தினால் அதுவும் தடைப்படும். நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் மிகுதியாக ஏற்கும். நறுக்கிய வாழைக்காய் கறுப்பதைக் கண்டு அதில் இரும்பு நிறைந்துள்ளதென எண்ணுவாருண்டு. ஸ்ரீரங்கத்து வாழை விவசாயிகள் இதனை அறிய வேண்டுகிறோம்: துவர்ப்புப் பொருள் காற்றுப்பட்டே அது கறுக்கிறது. வாழைக்காய் நல்ல உணவே. எனினும் முருங்கைக் கீரைக்கு ஈடாகாது.

திறந்தவெளியில் மலங்கழிக்கும் இடங்களில் வெறுங்காலுடன் நடக்கும் சிறாரின் தோலைத் துளைத்துக் கொக்கிப்புழு உட்புகுகிறது. குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. கழிப்பிடமும் செருப்பும் இல்லாத ஊரில் மருந்து மட்டும் என்ன செய்யும்?

பெண்மக்கள் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பருவமெய்தியபின் மாதந்தோறும் இரத்தமிழப்பவள், பல வீடுகளில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதையே உண்கிறாள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுக்கும், அது இயல்பே. அதற்கஞ்சி மாத்திரையை எறிந்துவிட வேண்டாமெனப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தாய்மாரிடம் எடுத்துரைக்கலாம். பள்ளி வேலியோரம் முருங்கைக் கொம்பு நடுவதற்குப் பெருஞ்செலவும் ஆகாது.