மன்னார்க் கரையில் பொதுச் சுகாதாரப் பணி: புதிதாய் வருவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கர்ப்பிணித் தாய் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையின் பிரசவ விடுதிக்கு வந்து சேரும்போது, அவளுக்கான வேலையில் பாதி முடிந்திருக்க வேண்டும். இரத்த வகை, ஹீமோகுளோபின் அளவு, முந்திய பிரசவத்தில் நடந்தது, வீட்டில் யார் துணை, எந்த வாகனத்தில் வருவாள் என்பதெல்லாம் அவள் கையிலுள்ள பதிவேட்டில் இருக்க வேண்டும். அதை எழுதியவர் வைத்தியர் அல்ல. வெயிலில் மணல் ஒழுங்கைகளில் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்து படலையைத் தட்டிய ஒரு பெண்தான் எழுதியிருப்பார். ஊர் அவரை “மிஸ்” என்று கூப்பிடுகிறது. இலங்கையில் தாய்மார் இறப்பு இந்தப் பிராந்தியத்தின் பல நாடுகளைவிட மிகக் குறைவாக இருப்பதற்கு இந்த மிஸ்மாரின் நடை ஒரு பெருங்காரணம். அந்த வேலைக்கு, குறிப்பாக மன்னாருக்கு, புதிதாய் வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: எந்தப் பதவி, யாருக்குக் கீழ் என்று முதலில் அறியுங்கள்

வெளியூரில் இருப்பவர்கள் எல்லோரையும் “நர்ஸ்” என்றே சொல்வார்கள். உள்ளே வந்தால் மூன்று பதவிகள் தனித்தனியாக உண்டு. வீடு வீடாகப் போகிறவர் பொதுச் சுகாதார மருத்துவமாது. குடும்பநல உத்தியோகத்தர் என்றும் சொல்கிறோம். அவர்களை மேற்பார்வை செய்து, கிளினிக்குகளை நடத்துகிறவர் பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரி. ஆரம்ப சிகிச்சை நிலையங்களோடு சேர்ந்து முதியோர், நீரிழிவு, இரத்த அழுத்தம், நீண்டகாலப் படுக்கை நோயாளர் ஆகியோரைப் பார்க்கிறவர் பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர். இந்த மூன்றாவது பதவி ஒப்பீட்டளவில் புதியது.

கொழும்பு மாநகர சபைக்குச் சொந்தமாகப் பொதுச் சுகாதாரத் திணைக்களமே உண்டு. மன்னாரில் அப்படியில்லை. நகர சபையோ பிரதேச சபையோ உங்களுக்குச் சம்பளம் தராது. 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு இந்தச் சேவை மாகாணத்துக்கு வந்தது. உங்கள் மேலதிகாரி சுகாதார வைத்திய அதிகாரி. அவருக்கு மேல் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், அதற்கு மேல் மாகாணத் திணைக்களம். சபைகளோடு உங்களுக்கு வேறு விதமான உறவு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

படி 2: தகுதியும் பயிற்சியும்

மருத்துவமாதுப் பயிற்சி ஒன்றரை வருடம். முதற்பகுதி தாதியர் பயிற்சிப் பாடசாலையிலும் பிரசவ விடுதியிலும், கடைசிப் பகுதி கிராமத்தில். தாதிய உத்தியோகத்தராக வர விரும்பினால் மூன்று வருடத் தாதியப் பயிற்சியை முடித்து, அதன்பின் பொதுச் சுகாதாரத்தில் மேற்பயிற்சி பெற வேண்டும். பாடத் தகுதிகள் காலத்துக்குக் காலம் மாறுவதால் வர்த்தமானி அறிவித்தலை நீங்களே வாசியுங்கள். யாரோ சொன்னதைக் கேட்டு விண்ணப்பிக்காதீர்கள்.

களப்பயிற்சியின் தாய்வீடு களுத்துறை. 1926இல் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு அங்கேதான் தொடங்கியது. வைத்தியசாலையைக் கட்டிவிட்டு நோயாளி வரட்டும் என்று காத்திராமல், ஒரு குறித்த நிலப்பரப்பின் முழுச் சனத்துக்கும் ஒரு குழு பொறுப்பேற்கும் முறை அது. இன்று நீங்கள் ஏந்தப்போகும் பொறுப்பும் அதேதான். கிளினிக்குக்கு வராதவளும் உங்களுடைய ஆள்.

படி 3: பிரிவை நடந்து பாருங்கள்

ஒரு மருத்துவமாதுவுக்கு ஏறக்குறைய மூவாயிரம் பேர் என்பது பொதுக் கணக்கு. மன்னாரில் அந்த மூவாயிரம் பேரும் ஒரே மாதிரி இருக்கமாட்டார்கள். தீவு ஏறக்குறைய 30 கிலோமீற்றர் நீளம். பாலம் தாண்டி நகரத்துக்குள் பள்ளிமுனை, பனங்கட்டிக்கொட்டு, உப்புக்குளம். மேற்கே எருக்கலம்பிட்டி, தாராபுரம், பேசாலை, கடைசியில் தலைமன்னார். பெருநிலத்தில் வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை என்று ஒரு கரை. விடத்தல்தீவு, தேவன்பிட்டி என்று மற்றொரு கரை. மீனவர் குடியிருப்பு, முஸ்லிம் கிராமம், வயற்காரர் ஊர், மீள்குடியேறிய புதுவீட்டுத் திட்டம் என ஒவ்வொன்றுக்கும் நேரமும் பழக்கமும் வேறு.

முதல் வாரத்தில் ஒரு தாளில் வரைபடம் போடுங்கள். ஒவ்வொரு வீட்டையும் குறியுங்கள். கிணறு எது, கோயில் எது, பள்ளிவாசல் எது, மழைக்கு வெள்ளம் தேங்கும் ஒழுங்கை எது, ஓட்டோ வைத்திருப்பவர் யார் என்று எழுதுங்கள். கிராம உத்தியோகத்தர், பாடசாலை அதிபர், மாதர் சங்கத் தலைவி, பங்குத்தந்தை, மௌலவி ஆகியோரை நேரில் போய்ப் பாருங்கள். கரையோரக் கிராமத்தில் காலை எட்டு மணிக்குப் போனால் பெண்கள் மீன்வாடியில் இருப்பார்கள். வலையிலிருந்து மீன் கழற்றுகிற நேரம் அது. கருவாடு போடுகிற வீடுகளில் வெயில் ஏறும்வரை கை ஓயாது. வீட்டுத்தரிசிப்பை அவர்களுடைய நேரத்துக்கு அமையுங்கள். சோழகக் காலத்திலும் வாடைக் காலத்திலும் தொழில் கரை மாறுவதையும் கவனியுங்கள்.

படி 4: பதிவேடு

மிக முக்கியமான படி இதுதான். தகுதிவாய்ந்த குடும்பங்களின் பதிவேட்டிலிருந்தே எல்லாம் தொடங்குகின்றன. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண் இருக்கும் குடும்பம் ஒன்றும் அதில் விடுபடக்கூடாது. புதிதாய்க் கலியாணம் செய்த தம்பதியை முதல் மாதத்திலேயே சந்தித்து, போலிக் அமிலம் ஏன் வேண்டும், ருபெல்லா ஊசி போட்டதா என்று பேசிவிட்டால் பின்னால் வரும் பல சிக்கல்கள் தவிரும்.

கர்ப்பம் தரித்தால் எட்டு வாரத்துக்குள் பதிவு. ‘எச் 512’ என்கிற கர்ப்பவதிப் பதிவேட்டைத் தாயிடம் கொடுக்கிறீர்கள். உயரம், நிறை, இரத்த அழுத்தம், சீனி, ஹீமோகுளோபின், சிபிலிஸ், எச்.ஐ.வி சோதனைகள் அதில் ஏறுகின்றன. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வியும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது. அந்தச் சான்றிதழ் இப்படி எழுதப்பட்ட பதிவேடுகளின் மேல்தான் நிற்கிறது. ஆகவே, பார்க்காத வீட்டுக்குப் பார்த்ததாக ஒரு தேதி போடுவதைவிட அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவது எவ்வளவோ மேல். வெறுமையைக் கண்டால் அடுத்தவர் தேடுவார். பொய்த் தேதியைக் கண்டால் யாரும் தேடமாட்டார்கள்.

படி 5: வீட்டுத்தரிசிப்பு

கர்ப்ப காலத்தில் மும்மாதத்துக்கு ஒரு தடவையாவது வீட்டுக்குப் போக வேண்டும். பிரசவத்தின் பின் முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை, அடுத்தது மூன்றாவது வாரமளவில், கடைசி 42ஆவது நாளையொட்டி. முதல் பத்து நாட்கள் மிகவும் கூர்மையானவை. இரத்தப் போக்கு, காய்ச்சல், மார்புக் கட்டு, சேயின் மஞ்சள், கொப்பூழில் சீழ் எல்லாம் அந்த நாட்களில்தான் தலைகாட்டும்.

வீட்டுக்குள் போனதும் பையைத் திறக்காதீர்கள். இருங்கள், ஒரு வாய் தேத்தண்ணி குடியுங்கள். மாமியோ உம்மாவோ பக்கத்தில் இருந்தால் அவரிடமும் பேசுங்கள். பத்தியம் வைப்பதும் தண்ணீர் கொடுப்பதும் அவர் கையில் இருக்கின்றன. பிள்ளை பெற்றவளுக்குக் காயச்சரக்கு கொடுப்பதில் தவறில்லை என்று முதலில் சொல்லிவிட்டு, மரக்கறியும் முட்டையும் மீனும் ஏன் வேண்டுமென்பதைச் சொன்னால் கேட்பார்கள். எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டு போனால் அடுத்த தடவை படலை திறக்காது.

தாயைத் தனியாகச் சந்திக்க ஒரு ஐந்து நிமிடம் கட்டாயம் எடுங்கள். “கிணத்தடியைக் காட்டுங்கோ தங்கச்சி” என்று சொல்லி வெளியே கூட்டிவரலாம். மனம் சோர்ந்திருக்கிறதா, வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்பதை அங்கேதான் கேட்க முடியும். பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வை அறிய எடின்பரோ அளவுகோலின் பத்துக் கேள்விகள் உள்ளன. அவற்றை விடுப்புக் கேட்பதுபோல் கேட்காமல் ஆறுதலாகக் கேளுங்கள். பதினெட்டு வயதாகாத பிள்ளை கர்ப்பமென்று தெரிந்தால் சுகாதார வைத்திய அதிகாரியிடம் அன்றே சொல்ல வேண்டும். ஊரில் ஒரு உயிருக்கும் சொல்லக்கூடாது.

ஆபத்து அறிகுறி தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இந்த இலக்கத்தை ஒவ்வொரு கர்ப்பிணியின் வீட்டுச் சுவரிலும் எழுதிவையுங்கள்.

படி 6: கிளினிக்கும் தடுப்பூசியும்

தடுப்பூசி அட்டவணையை மனப்பாடமாக்குங்கள். பிறந்தவுடன் பி.சி.ஜி, இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் ஐங்கூட்டுத் தடுப்பூசியும் போலியோச் சொட்டும், ஒன்பது மாதத்தில் எம்.எம்.ஆர், ஒரு வயதில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு, பதினெட்டு மாதத்தில் முக்கூட்டு ஊசி, மூன்று வயதில் மறுபடி எம்.எம்.ஆர், ஐந்து வயதில் பாடசாலை நுழைவு ஊசி. 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி ஊசி இரண்டு தடவை.

மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். மன்னார் வெயிலில் பெட்டியைத் திறந்துவைத்து ஐந்து நிமிடம் கதைப்பதும் ஊசியை வீணாக்கும். ஊசி போட்ட பிள்ளையை 20 நிமிடமாவது இருத்திவைத்துப் பார்த்துவிட்டே அனுப்புங்கள். நிறை நிறுக்கும்போது கோடு மேலே போகிறதா, சமமாக நிற்கிறதா என்பதைத் தாய்க்குக் காட்டுங்கள். திரிபோஷாச் சத்துமா கொடுத்தால் வீட்டில் எத்தனை பேர் அதைச் சாப்பிடுகிறார்கள் என்றும் கேளுங்கள். 35 வயதைத் தொட்ட பெண்களைச் சுகவனிதையர் கிளினிக்குக்கு அழைப்பது எப்போதும் பின்தங்கிவிடுகிற வேலை. பேரப்பிள்ளைக்கு ஊசி போட வரும் அம்மம்மாவையும் இளம் மாமிமாரையும் அப்போதே கேட்டுவிடுவது நல்ல வழி.

படி 7: போய்வரும் சனங்கள்

இடம் மாறி மாறி வாழ்கிறவர்களைப் பார்ப்பதற்கு எந்தப் பயிற்சிப் பாடசாலையிலும் தனிப் பாடமில்லை. மன்னாரில் இதுவே வேலையின் நடுப்பகுதி என்பது என் துணிபு.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பெரும்பாலும் புத்தளத்தில் தங்கின. போர் முடிந்தபின் முசலிப் பிரதேசத்திலும் எருக்கலம்பிட்டியிலும் பலர் திரும்பிக் குடியேறினார்கள். ஆனால் பலருக்கு இன்றும் இரண்டு வீடு. பிள்ளை பிறக்கும்போது புத்தளத்தில் தாய்வீடு, பிறகு சிலாவத்துறையில் கணவன் வீடு. இரண்டு இடத்து மருத்துவமாதுமாரும் “மற்றவர் பார்ப்பார்” என்று இருந்தால் அந்தத் தாயை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். அவளது தொலைபேசி இலக்கத்தையும் மறுபக்க மருத்துவமாதுவின் இலக்கத்தையும் வாங்கிவையுங்கள். போகும் தேதி தெரிந்தவுடன் நீங்களே அழைத்துச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து திரும்பும் குடும்பங்கள் வேறு வகை. பிள்ளையிடம் இந்தியத் தடுப்பூசி அட்டை இருக்கும். அங்கே அட்டவணை வேறு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி எல்லா மாவட்டத்திலும் இல்லை. அட்டையை எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. போட்டதை ஏற்றுக்கொண்டு, விடுபட்டதை மட்டும் போடுவதுதான் முறை. பருவத்துக்கு வாடி போட்டுத் தங்குகிற தென்பகுதி மீனவக் குடும்பங்களில் சிங்களம் மட்டும் பேசும் தாய்மார் இருப்பார்கள். வலி, இரத்தம், காய்ச்சல், சேயின் அசைவு ஆகியவற்றைக் கேட்கவாவது சிங்களம் படியுங்கள்.

படி 8: கிணறும் நுளம்பும்

இலங்கையில் உள்ளூரிலேயே தொற்றிய மலேரியா கடைசியாக 2012 ஒக்டோபரில் பதிவானது. 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னார்த் தீவின் கிணறுகளில் அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்ற நுளம்பு முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இந்த இனம்தான். கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் பெருகும்.

நுளம்பு ஒழிப்பு உங்கள் நேரடி வேலையல்ல. அது பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் மலேரியாத் தடை இயக்கமும் செய்வது. ஆனால் வீட்டுக் கிணற்றடிவரை போகிறவர் நீங்கள். மூடாத கிணறு, கைவிட்ட கிணறு, குடம்பி நெளியும் தொட்டி கண்டால் அன்றே பரிசோதகரிடம் சொல்லுங்கள். காய்ச்சலோடு இருப்பவரிடம் “அண்மையில் இந்தியாவுக்கோ வெளிநாட்டுக்கோ போய் வந்தீர்களா?” என்று கேளுங்கள். ஆம் என்றால் இரத்தச் சோதனை. கர்ப்பிணியானால் ஒருநாள்கூடத் தாமதிக்கக்கூடாது.

படி 9: சபைகளோடு வேலை செய்வது

குப்பை, சந்தை, வடிகால், பொதுக் கழிப்பறை, குடிநீர் பவுசர் எல்லாம் நகர சபை, பிரதேச சபைகளின் கடமை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரத்தைப் பிரதேச சபைகளின் பொறுப்பாகவே சொல்கிறது. சுகாதார வைத்திய அதிகாரிதான் சபைக்கு ஆலோசகர். நீங்கள் சேர்க்கும் தகவல் அவர் வழியாகச் சபைக்கு ஏற வேண்டும். “தண்ணீர் பிரச்சினை இருக்கிறது” என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் நடக்காது. இன்ன ஒழுங்கையில் இத்தனை கர்ப்பிணிகள், இத்தனை கைக்குழந்தைகள், பவுசர் இத்தனை நாளாக வரவில்லை என்று எழுதிக்கொடுங்கள். ஓகஸ்ட் மடுமாதா கோயில் திருவிழாவுக்குச் சனம் லட்சக்கணக்கில் வரும்போதும் இந்தக் கூட்டு வேலைதான் வயிற்றோட்டம் பரவாமல் காக்கிறது.

படி 10: மாற்றலாகிப் போகும்போது

ஒருநாள் உங்களுக்கும் இடமாற்றம் வரும். பதிவேட்டை மேசையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். புதிதாய் வருகிறவரை ஆபத்துள்ள கர்ப்பிணிகளின் வீட்டுக்கும், நிறை ஏறாத பிள்ளைகளின் வீட்டுக்கும், இரண்டு ஊரில் வாழும் குடும்பங்களுக்கும் கூட்டிக்கொண்டுபோய் முகம் அறிமுகம் செய்யுங்கள். உங்கள் இடத்துக்கு யாரும் நியமிக்கப்படாவிட்டால், பக்கத்துப் பிரிவில் பதில் கடமை பார்க்கப்போகிறவரிடம் அதையே செய்யுங்கள். அன்று எட்டாம் மாதத்தில் இருக்கும் தாய்மாரின் பெயர்ப்பட்டியலை, தொலைபேசி இலக்கங்களோடு, அவர் கையிலேயே கொடுங்கள்.