மாட்டுக் கணக்கில் ஒரு குடும்பம்

கேள்வி: அமெரிக்காவில் முதலில் குடியேறிய விவசாயத் தம்பதி எவருடைய குடும்ப வரலாறாவது தெளிவாகத் தெரியுமா?

பதில்: ஜான் ஆல்டன், பிரிசில்லா தம்பதியைச் சொல்லலாம். 1620-இல் மேஃப்ளவர் கப்பலில் பீப்பாய் செய்பவராக வந்தவர் ஜான். அதே கப்பலில் வந்த பிரிசில்லா, முதல் குளிர்காலத்திலேயே அப்பா, அம்மா, உடன்பிறந்தவன் மூவரையும் பறிகொடுத்தார். இருவரும் பிளிமத்தில் மணந்து, பிறகு டக்ஸ்பரியில் பண்ணை நடத்தினார்கள். 10 பிள்ளைகள். 1627-இல் குடியேற்றத்தின் மாடுகளை ஆள்கணக்கில் பங்கிட்டபோது எழுதிய பட்டியலில் இவர்களும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள். கணக்கெழுதிய புண்ணியவான் வாழ்க! ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் இவர்கள் வம்சம்தான். கவிஞர் லாங்ஃபெலோவும் அப்படியே. 1858-இல் அவர் வெளியிட்ட, இவர்களின் காதலைப் பற்றிய காவியத்தை மட்டும் வரலாறென்று நம்பிவிடாதீர்கள்.