சிமென்ட் போட்டால் தண்ணீர் தேங்காதா?

வீட்டைச் சுற்றி மழைநீர் தேங்கினால், மண்ணை மூடிச் சிமென்ட் போட்டு, தெருப் பக்கம் வாட்டம் கொடுத்துவிட்டால் போதும் என்று சென்னையின் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் பலர் நம்புகிறார்கள். ஆனால் தேக்கத்தை வளர்ப்பதே அந்தச் சிமென்ட்தான். ஒரு கிரவுண்டு மனை 2,400 சதுர அடி. அதில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது சுமார் 11,000 லிட்டர், கோடையில் காசு கொடுத்து வாங்கும் ஒரு லாரித் தண்ணீருக்குக் கிட்டத்தட்டச் சமம். மண் திறந்திருந்தால் அதில் ஒரு பங்கு அங்கேயே இறங்கும். மூடிவிட்டால் அத்தனையும் உடனே தெருவுக்கு ஓடும். வரிசையாக எல்லா வீடுகளும் இப்படிச் செய்தால் தெரு நிரம்பி, வெளியே தள்ளிய தண்ணீர் கேட்டைத் தாண்டி உள்ளே வருகிறது. பேவர் பிளாக் போட்டாலும், அடியில் கான்கிரீட் போட்டு இடுக்குகளைச் சிமென்ட்டால் பூசிவிட்டால் பலன் ஒன்றுதான். மணல் படுக்கையில் பதித்து இடுக்கில் மணலையே நிரப்பினால்தான் தண்ணீர் இறங்க வழி கிடைக்கும்.

“எங்கள் பகுதி களிமண், தண்ணீர் இறங்காது” என்பார்கள். பாதி உண்மை. மயிலாப்பூரின் கடலோரத்திலும் பெசன்ட் நகரிலும் மணல், தி.நகரோ 1920களில் மாம்பலம் ஏரி இருந்த இடத்தில் உருவானது, அங்கே களி மிகுதி. அப்படிப்பட்ட இடத்தில் ஆழமில்லாத குழி பயன்படாது என்பது சரியே. ஆனால் களிக்குக் கீழே மணற்பாங்கான அடுக்கு எட்டும் ஆழத்தில் இருந்தால், அதுவரை உறை இறக்கலாம். 3 அடி அகலமும் 15 அடி ஆழமும் உள்ள உறைக்கிணறு ஒரே நேரத்தில் ஏறக்குறைய 3,000 லிட்டர் கொள்ளும். மழை பெய்யப் பெய்ய அடியில் இறங்கிக்கொண்டும் இருக்கும். அஸ்திவாரம் பழுதாகுமோ என்ற பயம் நியாயமானது. அதனால் கிணற்றைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளியே தோண்ட வேண்டும். சுவரையொட்டிய தரைக்கு வெளிப்புறமாக வாட்டம் வேண்டும்.

இன்னொரு கேள்வி கனமானது: 2003லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்றே, பிறகும் ஏன் தேங்குகிறது? பெரும்பாலான வீடுகளில் மொட்டை மாடிக் குழாயை மட்டும் ஒரு குழிக்குள் விட்டார்கள். முற்றத்தில் விழும் நீர் கேட் வழியே போகத்தான் செய்கிறது. அதைப் பிடிக்க கேட்டின் அகலத்துக்கு ஒரு சிறு கால்வாய் வெட்டி, துளையிட்ட பலகையால் மூடி, கிணற்றோடு இணைக்க வேண்டும். போட்ட குழிகளையும் பலர் திறந்தே பார்ப்பதில்லை. ஜல்லிக்கு மேல் வண்டல் பிசின்போல் ஒட்டி, இலைச் சருகு சேர்ந்து, தண்ணீர் மேலேயே நிற்கும். குற்றம் முறையில் இல்லை, பராமரிப்பில்.

2015 டிசம்பர் 1 அன்று நுங்கம்பாக்கத்தில் கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய நாளில் எந்த வீட்டுக் கிணறும் காப்பாற்றாது. ஆண்டுதோறும் நம்மை முடக்குவது அதைவிடச் சிறிய மழைகளே.

கடைசியாக, ஆபத்தான ஒரு பழக்கம்: தேங்கிய நீரை வடிக்கப் பாதாளச் சாக்கடை மூடியைத் திறப்பது. சென்னையில் கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. இரண்டும் வேறு வேறு. கழிவுநீர்க் குழாய் மழையைத் தாங்கும் அளவில் போடப்பட்டதல்ல; அது நிரம்பினால் தரைத்தளக் கழிவறைகள் வழியே சாக்கடை பொங்கும். மூடியைத் தொடாதீர்கள். ஐப்பசி பிறக்குமுன் குழியைத் தூர்வாரி, முற்றத்துச் சிமென்ட்டில் ஒரு பகுதியையாவது உடைத்து மண்ணைத் திறந்துவிடுங்கள்.