அனுமதியும் நிபந்தனையும்: நீதிமன்றம் எவ்வாறு பொருள் கொள்கிறது?

சிங்கப்பூரின் தேக்காவிற்குச் சென்றவர்கள், பழைய கடைவீடுகளின் முன்னே தொடர்ந்து செல்லும் ஐந்தடி நடைபாதையைக் கண்டிருப்பர். வெயிலும் மழையும் படாமல் மக்கள் நடந்து செல்லும் பொருட்டு, நகரில் வீடு கட்டுவோர் கூரையிட்ட வழியொன்றை விடவேண்டுமென 1822இல் ராஃபிள்ஸ் பணித்தார். கட்டுவதற்கு நிபந்தனை விதிப்பது அத்துணைப் பழைய வழக்கமாகும்.

தேக்காவை உள்ளடக்கிய லிட்டில் இந்தியா, 1989 முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக உள்ளது. அங்கு கடைவீட்டின் முகப்பை மாற்ற விரும்புவோர், நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதியைப் பெறவேண்டும். அவ்வனுமதியுடன் நிபந்தனைகளும் வரலாம். பல்லாண்டுகள் பால்மரம் வெட்டிச் சேர்த்த பணத்தைக் கொண்டு நகரில் கடை வைக்க எண்ணும் குடும்பம், அவற்றின் வலிமையை அறிந்திருத்தல் அவசியம்.

நிபந்தனையின் பொருள் குறித்து வழக்கு எழுந்தால் நீதிமன்றம் என்ன செய்யும்? பிரிட்டிஷ் தீர்ப்புகள் மலேசியாவையும் சிங்கப்பூரையும் கட்டுப்படுத்தா எனினும், இவ்விரு நாட்டு நீதிமன்றங்களும் அவற்றைக் கவனிப்பதுண்டு. ஆகவே அவற்றிலிருந்தே தொடங்குவோம்.

முதலாவது, சொற்களை நியாயமான வாசகர் ஒருவர் எவ்வாறு புரிந்துகொள்வார் என்று பார்க்கப்படும். ஸ்காட்லாந்தின் கடற்காற்றாலை ஒன்றை எதிர்த்து டிரம்ப் கோல்ஃப் நிறுவனம் தொடுத்த வழக்கில், பிரிட்டிஷ் உச்சநீதிமன்றம் 2015இல் இதனை விளக்கியது. ஒரு வரியைத் தனியே பிரித்தெடுக்காமல், அனுமதி முழுவதையும் அதன் நோக்கத்தையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

இரண்டாவது, தெளிவு குறைந்திருப்பதால் மட்டும் நிபந்தனை செல்லாததாகிவிடாது. இங்கிலாந்தின் பக்கிங்ஹாம் மாவட்டத்தில் இரு குடில்கள் கட்ட அனுமதி தரப்பட்டது. விவசாயத்திலோ அதனைப் பெரிதும் சார்ந்த தொழிலிலோ உழைப்பவர்களும், முன்னர் உழைத்தவர்களும், அவர்களைச் சார்ந்தோருமே அவற்றில் குடியிருக்கலாம் என்பது நிபந்தனை. குடில்களுக்கு உரிமை பெற்ற நிறுவனம் இதனை எதிர்த்தது. 1960இல் பிரபுக்கள் சபை நிபந்தனை செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அறிவுக்குப் பொருந்திய பொருள் எதுவுமே காணமுடியாதபோதுதான் தெளிவின்மை காரணமாக நிபந்தனை வீழும்.

மூன்றாவது, அதிகாரத்திற்கும் எல்லையுண்டு. கோலாலம்பூரில் ஸ்ரீ லெம்பா நிறுவனம் தன் நிலத்தை மேம்படுத்த அனுமதி கோரியது. நிரந்தர உரிமையை விட்டுக்கொடுத்து, 99 ஆண்டுக் குத்தகையை ஏற்கவேண்டும் என அதிகாரிகள் நிபந்தனை விதித்தனர். இது கோரப்பட்ட மேம்பாட்டுடன் தொடர்பற்றது எனக் கூட்டரசு நீதிமன்றம் தள்ளியது. 1979ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் பதிவான அத்தீர்ப்பில், சட்டம் தரும் அதிகாரம் ஒவ்வொன்றிற்கும் சட்டப்படியான எல்லை இருந்தாக வேண்டும் என்றார் நீதிபதி ராஜா அஸ்லான் ஷா. பின்னாளில் மாமன்னராக விளங்கியவர் அவரே.

எனினும் நேரே நீதிமன்றம் செல்லுதல் உகந்ததன்று. சிங்கப்பூரில் முதலில் அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவ்வழியைப் பயன்படுத்தாமல் வந்த வீட்டுரிமையாளர் ஒருவரின் மனுவை உயர்நீதிமன்றம் 2009இல் ஏற்கவில்லை.

ஆகவே, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அனுமதிக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, நிபந்தனைகளை முழுமையாகப் படிக்கவேண்டும். புரியாதவற்றை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிய வேண்டும். ஏற்க இயலாத நிபந்தனை இருப்பின், காலக்கெடுவுக்குள் மேல்முறையீடு செய்யவேண்டும். முன்பணம் கொடுத்த பின்னர் படிக்கும் நிபந்தனையால் பயன் சிறிதே.