உயிர் காத்த தூய்மை

மக்களின் துன்பத்தைத் துடைக்கத் தோன்றிய கலைகளுள் மருத்துவக்கலை தலைசிறந்தது. அதனுள்ளும் அறுவை மருத்துவம் அருமை மிக்கது. மருந்தால் தீராத நோயையும் அது கருவியால் தீர்க்கிறது. சிதைந்த உறுப்பைச் சீர் செய்கிறது. சாவின் வாயிலில் நிற்பாரையும் மீட்டுக் கொணர்கிறது. ஆயினும், இவ்வுயர்நிலையை அது எளிதில் எய்திவிடவில்லை. ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன்னர், அறுவை மருத்துவம் நோயினும் கொடியதாக இருந்தது. நோயாளியைக் காப்பதற்கு எடுத்த கத்தியே பல வேளைகளில் அவனுக்குக் கூற்றாக முடிந்தது. அந்நிலையை மாற்றியது கூரிய கத்தியன்று, தூய்மையான கை. அத்தூய்மை அறுவைக் கூடத்தினுள் புகுந்த வரலாறு அறியத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறுவைக் கூடம் அச்சத்தின் உறைவிடமாக விளங்கியது. நோயாளியை உணர்விழக்கச் செய்யும் வழி அக்காலத்து மருத்துவர்க்குக் கைவரவில்லை. நோயாளியைப் பலர் இறுகப் பிடித்துக்கொள்வர். அவனுடைய அலறலுக்கு இடையே மருத்துவர் விரைந்து தம் பணியை முடிப்பார். இரண்டு மூன்று நிமிடங்களில் ஒரு காலைத் துண்டிக்க வல்லவரே கைதேர்ந்தவர் எனப் போற்றப்பெற்றார். 1846 ஆம் ஆண்டு அக்டோபர் 16 ஆம் நாள், அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றில், வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் நோயாளி ஒருவரை ஈதர் ஆவியை உட்கொள்ளச் செய்தார். நோயாளி உணர்விழந்து கிடக்க, ஜான் வாரன் என்னும் அறுவை மருத்துவர் அவர் கழுத்திலிருந்த கட்டியை அகற்றினார். அலறல் ஏதும் எழவில்லை. அடுத்த ஆண்டில் எடின்பரோ நகரில் ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோபாரத்தைப் பயன்படுத்திக் காட்டினார். வலி என்னும் பகை வீழ்ந்தது.

வலி நீங்கிற்று, ஆனால் சாவு நீங்கவில்லை. அறுவை நன்கு முடிந்த இரண்டொரு நாளில் புண் சிவந்து வீங்கும், சீழ் பிடிக்கும், தசை அழுகும், நோயாளி காய்ச்சலுற்று மாள்வான். இதற்குக் காரணம் கெட்ட காற்றே என மருத்துவர் பலரும் நம்பினர். சீழ் பிடிப்பது புண் ஆறுவதற்கு நல்ல அறிகுறி என்று கருதியோரும் இருந்தனர். ஆகவே, தூய்மையைப் பற்றி அவர்கள் கவலை கொள்ளவில்லை. பழைய குருதிக்கறை படிந்து விறைத்த மேலங்கியை அணிந்தே அறுவைக் கூடத்துள் நுழைவர். ஒருவர் புண்ணைத் துடைத்த பஞ்சினாலேயே மற்றவர் புண்ணையும் துடைப்பர். பிணம் அறுத்த கையோடு நோயாளியைத் தொடுவர். கறை மிகுந்த அங்கி மிகுந்த அனுபவத்திற்கு அடையாளம் எனவும் எண்ணப்பட்டது.

இந்நிலையில், உண்மையின் ஒரு பகுதியை முதலில் கண்டவருள் ஒருவர் செம்மல்வைஸ் என்னும் அங்கேரி நாட்டு மருத்துவர். அவர் வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் மகப்பேற்றுப் பகுதியில் பணியாற்றினார். அங்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவரும் மருத்துவ மாணவரும் பேறு பார்த்தனர். மற்றொன்றில் மருத்துவச்சியர் பேறு பார்த்தனர். மருத்துவர் பிரிவிலேயே தாய்மார் மிகுதியாக இறந்தனர். முதற்பிரிவில் சேர்க்க வேண்டா எனக் கருவுற்ற பெண்டிர் கண்ணீர் விட்டு இரந்தனர். கற்றவர் கைப்பட்ட இடத்தில் சாவு மிகுவானேன்? இவ்வினா செம்மல்வைஸின் உள்ளத்தை உறுத்தியது.

1847 ஆம் ஆண்டில் அவருடைய நண்பராகிய மருத்துவர் ஒருவர், பிண ஆய்வின்போது கத்தி பட்டுக் காயமுற்று இறந்தார். அவர் உடலில் காணப்பட்ட மாறுதல்கள் பேறுகாலக் காய்ச்சலால் இறந்த தாய்மாரிடம் காணப்பட்டவற்றை ஒத்திருந்தன. செம்மல்வைஸுக்கு உண்மை விளங்கிற்று. பிண அறையிலிருந்து நேரே வரும் மருத்துவரும் மாணவரும் தம் கைகளிலேயே நஞ்சைச் சுமந்து வருகின்றனர். மருத்துவச்சியரோ பிணத்தைத் தொடுவதில்லை! அன்று முதல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவிய பின்னரே தாய்மாரைத் தொட வேண்டும் என அவர் விதித்தார். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் 100 தாய்மாருக்கு 18 பேர் வீதம் இறந்தனர். ஜூன் மாதத்தில் அது 100க்கு 2 பேர் அளவாகக் குறைந்தது.

எனினும், உலகம் அவர் சொல்லை ஏற்கவில்லை. தம் கைகளே தாய்மாரைக் கொன்றன என்று ஒப்புக்கொள்ள மருத்துவர் பலருக்கு மனம் ஒருப்படவில்லை. நஞ்சு இன்னதென்று விளக்கிக் காட்ட அவராலும் இயலவில்லை. தம் கொள்கையை எதிர்த்தோரைக் கொலைஞர் எனக் கடிந்து எழுதியதால் பகையும் வளர்ந்தது. மனம் நொந்து, நோயுற்று, 47 வயதில், வியன்னாவிற்கு அண்மையிலிருந்த மனநோய் இல்லம் ஒன்றில் அவர் உயிர் நீத்தார். அந்நாள் 1865 ஆம் ஆண்டு ஆகஸ்டு 13. அதற்கு முந்திய நாளில்தான், அவர் பெயரையும் அறியாத மற்றொரு மருத்துவர், தொலைவிலுள்ள கிளாஸ்கோ நகரில் ஒரு சிறுவனின் காயத்திற்குப் புதுமுறையில் கட்டுப்போட்டார். அம்மருத்துவரே ஜோசப் லிஸ்டர்.

லிஸ்டர் இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியிலுள்ள அப்டன் என்னும் ஊரில் 1827 ஆம் ஆண்டு ஏப்ரல் 5 ஆம் நாள் பிறந்தார். அவர் தந்தையார் வணிகர். நுண்பெருக்காடியைத் திருத்தி அமைத்துப் புகழ் பெற்றவர். ஆகவே, கண்ணுக்குப் புலனாகாத நுண்பொருள்களை உற்றுநோக்கும் பழக்கம் மைந்தருக்கும் இளமையிலேயே வாய்த்தது. லிஸ்டர் இலண்டனில் மருத்துவம் பயின்றார். எடின்பரோவில் சைம் என்னும் பேரறிஞரிடம் அறுவை மருத்துவத் தொழில் கற்றார். 1860 ஆம் ஆண்டில் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

தாம் திறமையாக அறுவை செய்தும் நோயாளிகள் புண் அழுகி இறப்பது லிஸ்டரை வாட்டியது. அவர் ஓர் உண்மையை உன்னிப்பாகக் கவனித்தார். எலும்பு முறிந்தும் தோல் கிழியாதிருப்பின், அம்முறிவு சீழ் பிடிக்காமல் பொருந்திவிடுகிறது. தோல் கிழிந்து எலும்பு வெளிப்படின், அப்புண் அழுகுகிறது. ஆதலின், அழுகலுக்குக் காரணமானது உடலினுள் தோன்றுவதன்று, புறத்திலிருந்து புகுவது. அது யாது?

இதற்கு விடையளித்தன பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டரின் ஆய்வுகள். 1865 ஆம் ஆண்டில் வேதியியற் பேராசிரியர் ஆண்டர்சன் என்பார் அவற்றை லிஸ்டருக்குச் சுட்டிக்காட்டினார். பாலும் பழச்சாறும் கெடுவதற்குக் காரணம் காற்றன்று. காற்றிலும் தூசியிலும் கலந்துள்ள நுண்ணுயிர்களே எனப் பாஸ்டர் மெய்ப்பித்திருந்தார். புண் அழுகுவதற்கும் இவையே காரணம் என லிஸ்டர் தெளிந்தார். நுண்ணுயிர்களை வெப்பத்தால் அழிக்கலாம், வடிகட்டி நீக்கலாம், மருந்தால் கொல்லலாம். முதலிரண்டு வழிகளும் உயிருள்ள தசைக்கு ஒவ்வா. ஆகவே, அவர் மருந்தை நாடினார். கார்லைல் என்னும் ஊரில் கழிவுநீரின் நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்தினர் என்ற செய்தி அவர் நினைவுக்கு வந்தது. அவ்வமிலத்தையே அவர் தேர்ந்தார்.

1865 ஆம் ஆண்டு ஆகஸ்டு 12 ஆம் நாள், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனைக் கிளாஸ்கோ மருத்துவமனைக்குக் கொணர்ந்தனர். தோல் கிழிந்திருந்தது. அத்தகைய காலைத் துண்டித்துவிடுவதே அக்காலத்து வழக்கம். லிஸ்டர் அவ்வாறு செய்யவில்லை. கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியைப் புண்ணின்மீது வைத்துக் கட்டினார். நான்கு நாள் சென்றபின் கட்டை அவிழ்த்தார். அழுகல் நாற்றம் இல்லை, சீழும் இல்லை. ஆறு வாரங்களில் எலும்பு பொருந்திற்று. சிறுவன் இரு கால்களோடும் நலமாக வீடு திரும்பினான்.

அதன்பின் லிஸ்டர், மருத்துவர் தம் கைகளையும் கருவிகளையும் புண்ணைச் சுற்றிய தோலையும் அவ்வமில நீரால் தூய்மை செய்யும் முறையை வகுத்தார். தம் முடிவுகளை 1867 ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டார். அவர் காட்டிய கணக்கே அவருக்குத் தக்க சான்றாயிற்று. புதுமுறைக்கு முன் உறுப்புத் துண்டிக்கப்பெற்ற 35 பேருள் 16 பேர் இறந்தனர். புதுமுறைக்குப் பின் 40 பேருள் 6 பேரே இறந்தனர்.

லிஸ்டருக்கும் எதிர்ப்பு இல்லாமற் போகவில்லை. "கண்ணுக்குத் தெரியாத பகையோடு போர் தொடுப்பது வீண்" என இகழ்ந்தோர் உளர். ஆனால் அவர் வெகுளவில்லை. மேலும் மேலும் ஆய்ந்தார். தம் முறையைத் திருத்திக்கொண்டே வந்தார். செருமானிய மருத்துவர் அதனை விரைந்து ஏற்றனர். 1877 ஆம் ஆண்டில் இலண்டனுக்கு வந்த லிஸ்டர், உடைந்த முழங்காற் சில்லைத் திறந்து வெள்ளிக் கம்பியால் இணைத்தார். அத்துணிவு நோயாளியைக் கொல்லும் எனப் பலர் எண்ணினர். புண்ணோ தூய்மையாக ஆறிற்று. காற்றிலுள்ள கிருமிகளைக் கொல்ல அமில நீரைத் தூவும் கருவி ஒன்றையும் அவர் முன்னர் அமைத்திருந்தார். காற்றைவிடக் கையும் கருவியுமே பெருங்கேடு விளைப்பன எனப் பின்னர்த் தெளிந்ததும், 1890 ஆம் ஆண்டில் பெர்லின் மாநாட்டில் அதனைத் தாமே வெளிப்படையாகக் கைவிட்டார். தம் கருத்தினும் உண்மையைப் பெரிதாக மதித்த பெருந்தகை அவர்.

லிஸ்டர் புகுந்த கிருமிகளைக் கொன்றார். அவர்க்குப் பின் வந்தோர் கிருமிகள் புகாமலே தடுக்க முயன்றனர். செருமனியில் கருவிகளையும் துணிகளையும் நீராவியில் தூய்மை செய்யும் முறை தோன்றியது. அமெரிக்காவில் பால்டிமோர் நகர மருத்துவமனை ஒன்றில், மருந்து நீரால் கை புண்ணான செவிலி ஒருவருக்காக ஹால்ஸ்டெட் என்னும் மருத்துவர் மெல்லிய இரப்பர் கையுறையைச் செய்வித்தார். ஒருவர் கைகளைக் காக்கத் தோன்றிய கையுறை, நாளடைவில் எல்லா நோயாளிகளையும் காக்கும் கவசமாயிற்று. வாய்மூடியும் தூய அங்கியும் பின்தொடர்ந்தன. இவற்றால் வயிறு, மூளை, இதயம் ஆகிய உறுப்புகளிலும் கத்தியை வைக்கும் துணிவு பிறந்தது.

இன்று அறுவைக் கூடத்தில் வியத்தகு கருவிகள் நிறைந்துள்ளன. எனினும், சிறு மறதியும் பெருந்தீங்காகலாம். இதனை உணர்ந்த உலக நலவாழ்வு நிறுவனம் 2008 ஆம் ஆண்டில் 19 கூறுகள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. நோயாளி இன்னார் என்பதும், அறுக்கவேண்டிய இடம் இதுவென்பதும் உறுதி செய்யப்பட்டனவா? கிருமியைத் தடுக்கும் மருந்து உரிய நேரத்தில் கொடுக்கப்பட்டதா? பஞ்சும் ஊசியும் கருவிகளும் எண்ணிச் சரிபார்க்கப்பட்டனவா? இவ்வினாக்களை வாய்விட்டுக் கேட்டு விடை பெற்ற பின்னரே மேற்செல்ல வேண்டும். புதுதில்லி உட்பட எட்டு நகர மருத்துவமனைகளில் இம்முறையை ஆய்ந்தனர். 100க்கு 1.5 பேராக இருந்த இறப்பு 0.8 பேராகக் குறைந்தது; அறுவையால் நேரும் பிற கேடுகளும் 100க்கு 11 பேரிலிருந்து 7 பேராகக் குறைந்தன. இவ்வாய்வின் முடிவு 2009 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. புதிய மருந்தோ விலையுயர்ந்த பொறியோ இந்நன்மையை விளைக்கவில்லை. ஒரு தாளும், தவறு நேரலாம் என்னும் அடக்கமுமே விளைத்தன.

"என் கையில் குற்றமிருக்கலாம்" என எண்ணும் மருத்துவரே நோயாளியைக் காக்கிறார். செம்மல்வைஸ் இதனைக் கூறி இகழப்பட்டார். லிஸ்டர் இதனைச் செய்து காட்டி வென்றார். 1892 ஆம் ஆண்டில் பாஸ்டரின் எழுபதாம் பிறந்தநாள் விழாப் பாரிஸ் நகரில் நிகழ்ந்தபோது, லிஸ்டர் அங்குச் சென்று அப்பெரியாருக்குத் தம் நன்றியைக் கூறினார், இருவரும் தழுவிக்கொண்டனர். 1912 ஆம் ஆண்டு பிப்ரவரி 10 ஆம் நாள் லிஸ்டர் மறைந்தார். கத்தியை எடுக்குமுன் கைகழுவும் ஒவ்வோர் அறுவை மருத்துவரிடத்தும் அவர் காட்டிய நெறி இன்றும் உயிர் வாழ்கிறது.