தேரிக்காட்டில் குடைமிளகாய்: புதிதாக இறங்குவோருக்கு

திசையன்விளையிலும் இட்டமொழிப் பக்கத்திலும் முருங்கைக்கும் பனைக்கும் யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. குடைமிளகாய் அப்படியல்ல, ஓசூர் பக்கத்துக் குளிர்ச்சியில் பழகிய பயிர் அது. தேரி மணலை விட்டுவிட்டுத் தென்னைநார்க்கழிவுப் பையில் நட்டுப் பாலிஹவுஸுக்குள் வளர்க்கக் கிளம்பும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது விதையைப் பற்றி, அடுத்து மானியத்தைப் பற்றி. நான் தண்ணீரிலிருந்துதான் தொடங்குவேன். இந்த முறையில் மண் கிடையாது. வேருக்கு வேண்டியதும் வேண்டாததும் நீங்கள் விடும் தண்ணீரோடுதான் போகிறது.

1. குழாயும் ஷீட்டும் வாங்குவதற்கு முன் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். ஈ.சி., பி.எச்., சோடியம், குளோரைடு, பைகார்பனேட் எல்லாம் தெரிய வேண்டும். ஈ.சி. என்பது கரைந்திருக்கும் உப்பை மில்லிசீமன்ஸ்/செ.மீ. கணக்கில் காட்டும் எண். 0.5க்குள் இருந்தால் நல்ல தண்ணீர்; 1ஐத் தாண்டினால் யோசியுங்கள். காய்க்கிற செடிக்கு உரம் கலந்த தண்ணீர் 2 முதல் 2.5 வரை போகலாம். கிணறே 1.5ஐத் தின்றுவிட்டால் உரத்துக்கு மிச்சம் ஏது? கோடையில் ஒரு தடவை, கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு தடவை எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது.

2. கூரையில் விழும் மழையை விடாதீர்கள். 1,000 சதுர மீட்டர் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1 லட்சம் லிட்டர். அந்த இடத்தில் 2,500 செடி நிற்கும். வெயில் நாளில் செடிக்கு 2 லிட்டர் என்றால் ஒரு நாள் செலவு 5,000 லிட்டர். ஒரே மழை 20 நாளைக்கு வரும். கிணற்றுத் தண்ணீரோடு சரிபாதி கலந்தால் 1.4 இருந்த ஈ.சி. 0.7க்கு இறங்கும். ஷீட் விரித்த குட்டை வெட்டி, பாசி பிடிக்காமல் மேலே மூடிவையுங்கள். உப்பு எடுக்கும் இயந்திரத்துக்குக் கொட்டும் பணத்தை முதலில் குட்டைக்குக் கொட்டச் சொல்வேன். வடிகாலையும் சேர்த்தே போடுங்கள். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படி ஒரு மழையை எந்தக் குட்டையும் பிடித்துவைக்காது.

3. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தல் முதல் ராதாபுரம் வரை காற்றாலைகள் நிற்கின்றன. அதே காற்று உங்கள் கூரையையும் பிடித்து இழுக்கும். மேற்கே சவுக்கு வரிசை இரண்டு போட்டு, அது வளர்ந்த பின் கூடாரம் கட்டுங்கள். ஷீட் தொய்வில்லாமல் இறுகி நிற்க வேண்டும். தொய்வுள்ள இடத்தில்தான் அடித்து அடித்துக் கிழியும். கடற்காற்று உப்பைக் கொண்டுவரும் ஊர் என்பதால் துத்தநாகப் பூச்சு கனமாக உள்ள குழாயே வேண்டும்.

4. ஆண்டு முழுவதும் காய் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், இந்த ஊருக்கு நம்பாதீர்கள். பகல் வெப்பம் 32, 33 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும். இரவும் குளிராவிட்டால் காய் பிடிப்பது இன்னும் குறையும். நம் சித்திரை இரவு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆவணியில் விதை, ஐந்தாறு வாரத்தில் நாற்று, புரட்டாசிக் கடைசியில் நடவு. அப்படி நட்டால் வண்ணக்காய் தையிலிருந்து பங்குனி வரை கைக்கு வரும். ஸ்பெயினின் அல்மேரியாவில் கடலோர வறண்ட நிலத்தில் பல்லாயிரம் ஹெக்டேர் பிளாஸ்டிக் கூடாரம் இருக்கிறது. அங்கேயும் கடுங்கோடையில் பெரும்பாலும் ஓய்வு விட்டு, கோடை முடிவில் நட்டு, குளிர்காலத்தில்தான் மிளகாய் எடுக்கிறார்கள். வெயில் நாளில் கூரைமேல் சுண்ணப்பொடி கரைத்து அடிப்பார்கள். நாம் நிழல்வலையை இழுத்து மூடித் திறக்கும்படி வைத்துக்கொள்ளலாம். நிரந்தரமாகக் கட்டினால் ஐப்பசி மேகமூட்டத்தில் செடி வெளிச்சத்துக்கு ஏங்கி நெடுநெடுவென்று போகும். கோடையில் கூடாரம் சும்மா கிடக்க மனமில்லையென்றால் விதையில்லா வெள்ளரி போடுங்கள். புகைபோல் தூவும் ஃபாகருக்கு மழைத்தண்ணீர் மட்டும்தான். உப்புத் தண்ணீர் விட்டால் இலையில் வெள்ளை படியும்.

5. நார்க்கழிவுக் கட்டி 5 கிலோ வாங்கினால் ஊறி 70 லிட்டர் அளவுக்கு வரும். உப்புநீரில் ஊறிய மட்டையின் கழிவில் சோடியமும் பொட்டாசியமும் நிறைய இருக்கும். நல்ல தண்ணீரில் அலசி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து, மறுபடி அலசுங்கள். நார்த்துகளைப் பிடித்திருக்கும் சோடியத்தைக் கால்சியம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். இதைச் செய்யாமல் நட்டால், செடிக்குப் போட்ட கால்சியத்தை நார் பிடுங்கிக்கொள்ளும். “கழுவியது” என்று சொல்லி விற்றாலும் பிழிந்து மீட்டர் வைத்துப் பாருங்கள்.

6. உரத் தொட்டி இரண்டு. ஒன்றில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்புச் சத்தும். மற்றதில் சல்பேட், பாஸ்பேட் உரங்கள். அடர்த்தியாக ஒன்றாய்ச் சேர்த்தால் சுண்ணாம்பாய்ப் படிந்து சொட்டுவாயை அடைக்கும். நம் கிணறுகளில் பைகார்பனேட் இருந்தால் அமிலம் விட்டு பி.எச்.சை 5.8க்கும் 6.2க்கும் நடுவில் கொண்டுவர வேண்டும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் பையன்களை அந்த வேலைக்கு அனுப்பாதீர்கள்.

7. மக்களே, மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்கவேண்டாம். விடும் தண்ணீரைவிடப் பையிலிருந்து வடியும் தண்ணீர்தான் உங்களிடம் உண்மையைச் சொல்லும். வரிசைக்கு ஒரு பையின் அடியில் தட்டு வைத்து, நாள்தோறும் மாலையில் வடிந்த அளவையும் ஈ.சி.யையும் பி.எச்.சையும் நோட்டில் எழுதுங்கள். விட்டதில் 20 முதல் 30 சதவீதம் வடிய வேண்டும். ஈ.சி. 2இல் விட்டு 2.5இல் வடிந்தால் கவலையில்லை. 3.5இல் வடிந்தால் உப்பு தேங்குகிறது. செடி தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை விட்டுப்போகிறது என்று பொருள். உரத்தைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டுங்கள். வடிவதன் ஈ.சி. விட்டதைவிடக் குறைந்தால் செடிக்குப் பசி.

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை விடுங்கள். வெயில் ஏறத் தொடங்கியதும் முதல் தடவை, பொழுது சாய இரண்டு மணி நேரம் முன்பு கடைசி. காயின் நுனி கறுத்து அழுகினால் உடனே மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள். அது நோயல்ல, கால்சியம் காய்க்குப் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் தொட்டியில் கால்சியம் இருக்கும். பையில் உப்பு ஏறியதாலோ, நடுப்பகலில் பை காய்ந்ததாலோ வழியில் நின்றிருக்கும். வெயில் நாளில் சில மணி நேரம் மின்சாரம் போனாலே பை காய்ந்துவிடும் என்பதால் மேல்தொட்டி ஒன்று கட்டாயம்.

8. செடி கவட்டையாகப் பிரியும் இடத்தில் வரும் முதல் மொட்டைக் கிள்ளிவிடுங்கள். இரண்டு தண்டு மட்டும் விட்டு, கயிற்றில் ஏற்றி, பக்கக் கிளைகளை வாராவாரம் ஒடியுங்கள்.

9. இலைப்பேனும் மஞ்சள் சிலந்தியும் வரும். இலை சுருண்டு தெரியும்போது காலம் கடந்திருக்கும். பசை தடவிய நீல அட்டையும் மஞ்சள் அட்டையும் தொங்கவிட்டு எண்ணிக்கை பாருங்கள். கொழுந்தைக் கைலென்ஸ் வைத்துப் பார்க்கப் பழகுங்கள். பூச்சி வரக்கூடாது என்று மிக நெருக்கமான வலை கட்டினால் காற்று நின்று உள்ளே வேகும். கண்ணியை நெருக்கினால் வலையின் பரப்பைக் கூட்டுங்கள்.

10. மானியத்தை எண்ணி அளவை முடிவு செய்யாதீர்கள். மானியம் என்பது கட்டுமானச் செலவின் ஒரு பங்கு. முதல் பணம் உங்களுடையது, வட்டியும் உங்களுடையது. முதல் பருவம் நிழல்வலைக்குள் இருநூறு பையோடு போதும். திண்டுக்கல் ரெட்டியார்சத்திரத்தில் இந்திய–இஸ்ரேல் கூட்டுமுயற்சியில் அமைந்த காய்கறி மகத்துவ மையத்தையும், கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியையும் போய்ப் பாருங்கள். நெல்லை நயினார்குளம் சந்தையில் பச்சைக் காய்க்கு வெளியூர் வரத்தோடு போட்டி போட வேண்டும். சிவப்பு, மஞ்சளுக்கு ஓட்டல்காரரையும் நாகர்கோவில் கடைக்காரரையும் நாற்று விடும் முன்பே பேசி வையுங்கள்.

11. வடிந்த தண்ணீரை ஓடையில் விடாதீர்கள். நாளைக்கு 5,000 லிட்டர் விட்டால் ஆயிரத்துக்கு மேல் வடியும். அதில் உரமும் உண்டு, உப்பும் உண்டு. தென்னை உப்பைத் தாங்கும். பதினைந்து மரத்துக்கு அது போதும். ஒரே மரத்துக்கு ஊற்றிக்கொண்டே இராமல் வாரம் மாற்றி வேறு மரங்களுக்கு விடுங்கள். இரண்டு மூன்று பருவம் முடிந்த நார்க்கழிவையும் அந்தத் தூரிலேயே கொட்டலாம். பையின் பிளாஸ்டிக்கை மட்டும் தனியே கட்டிப் பழைய பொருள் வாங்குபவரிடம் கொடுங்கள்.