நீங்களே பாகங்களைப் பொருத்திய கணினி பாதியில் நிற்கிறதா?

மின்விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டா? உடனே பவர் பட்டனை அமுக்காதீர்கள். டிடிஆர்5 ராம் போட்ட புதுக் கணினி, முதல்முறை நினைவகத்தைப் பரிசோதித்துப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகும். கால் மணி நேரம் கழித்தும் அசையாவிட்டால் மின்இணைப்பைத் துண்டித்து, ஒரே ஒரு ராமை மட்டும் 'கிளிக்' சத்தம் வரும்வரை அழுத்திச் செருகுங்கள். நான்கு ஸ்லாட் இருந்தால், பெரும்பாலான மதர்போர்டுகளில் பிராசஸரிலிருந்து இரண்டாவதுதான் சரியான இடம். சரியாக உட்காராத ராம்தான் நான் முதலில் சந்தேகப்படுவது.

போர்டில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்ற குட்டி விளக்குகள் இருந்தால், அணையாமல் நிற்கும் விளக்கே கோளாறைக் காட்டிக்கொடுக்கும். திரையில் லோகோ வந்து அப்படியே நின்றால் யுஎஸ்பி சாதனங்களைக் கழற்றிப் பாருங்கள்.

எதற்கும் மசியாவிட்டால், மின்இணைப்பு இல்லாத நிலையில் போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் எடுத்துவிட்டு மாட்டுங்கள். பயாஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பும்.